பனிச்சறுக்குச் சுற்றுக்காவல்

பனிச்சறுக்குச் சுற்றுக்காவல் என்பது பனிச்சறுக்கு மையங்களில் சறுக்குத்தடங்களின் பாதுகாப்பைப் பேணும் பயிற்சி பெற்ற குழுவையும், அக்குழு ஆற்றும் பணியையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இது ஸ்கீ பட்ரோல் எனப்படுகின்றது. தடங்களில் உள்ள இடர்களைக் கண்டறிந்து நீக்குதல் அல்லது அடையாளமிடுதல், பனிச்சரிவு அபாயத்தைத் தணித்தல், காயமுற்றோருக்கு முதலுதவி அளித்து மலையடிவாரத்துக்குக் கொண்டுசேர்த்தல் ஆகியன இதன் முதன்மைப் பணிகளாகும். பெயரில் காவல் என்ற சொல் இருப்பினும் இவர்கள் காவல்துறையினர் அல்லர். எனினும் பொறுப்பின்றிச் சறுக்குபவரின் நுழைவுச்சீட்டை மையத்தின் சார்பில் திரும்பப் பெறும் அதிகாரம் பெரும்பாலான மையங்களில் இவர்களுக்கு உண்டு.

பனிச்சறுக்கு மையங்கள் பொதுவாக மருத்துவமனைகளிலிருந்து தொலைவிலும் உயரத்திலும் அமைந்துள்ளன. உறைநிலைக்குக் கீழான குளிரில் அசைய இயலாமல் கிடப்பவருக்கு, எலும்பு முறிவு மட்டுமன்றி உடல் வெப்பநிலை வீழ்ச்சியும் உயிருக்கு ஆபத்தாகலாம். ஊர்திகள் எளிதில் ஏற இயலாத சாய்வுகளில், பனிமட்டைகளை அணிந்த மீட்பரே விரைவில் சென்றடைய முடியும். இக்காரணத்தால் சுற்றுக்காவலரிடம் மருத்துவ முதலுதவித் திறன், பனிச்சறுக்குத் திறன் ஆகிய இரண்டும் எதிர்பார்க்கப்படுகின்றன.

வரலாறு

தோற்றம்

1930களில் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பனிச்சறுக்கு வேகமாகப் பரவியது. கயிறு பிடித்து மேலேறும் இழுவை வசதிகள் வந்தபின் மலைக்கு வருவோர் தொகை பெருகிற்று. ஆனால் காயமுற்றோரைக் கீழே கொண்டுவருவதற்கான ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் இருக்கவில்லை.

சார்லசு மைனோட் டோல் என்பவர் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த காப்புறுதி முகவர் ஆவார். இவர் 1936 புத்தாண்டையொட்டி வெர்மான்ட் மாநிலத்தின் இசுடோ என்னும் ஊரில் சறுக்கியபோது விழுந்து கணுக்காலை முறித்துக் கொண்டார். உதவி தேடிச் சென்ற நண்பர்கள், கூரை வேயப் பயன்படும் தகரத் துண்டு ஒன்றுடன் திரும்பினர். அதன்மேல் கிடத்தியே அவரைக் கீழே இழுத்துவந்தனர். அன்று உதவியவர்களுள் ஒருவரான பிராங்க் எட்சன், அதே ஆண்டில் மாசச்சூசெட்சு மாநிலத்தின் பிட்சுபீல்டில் நடந்த சறுக்கு ஓட்டப் போட்டியில் விபத்துக்குள்ளாகி இறந்தார்.

இவ்விரு நிகழ்வுகளும் டோலைப் பனிச்சறுக்கு விபத்துக்களை முறையாக ஆராயத் தூண்டின. 1938 இல் இசுடோவில் நடைபெற்ற தேசியப் போட்டியின்போது டோல் ஒழுங்குசெய்த மீட்புக் குழு, தேசியப் பனிச்சறுக்குச் சங்கத் தலைவர் ரோசர் லாங்லியின் கவனத்தை ஈர்த்தது. அவருடைய வேண்டுகோளின் பேரில் அதே ஆண்டில் தேசியப் பனிச்சறுக்குச் சுற்றுக்காவல் அமைப்பு உருவானது. 1980 இல் ஐக்கிய அமெரிக்கப் பேரவை இதற்குக் கூட்டாட்சிச் சாசனம் வழங்கியது. இதன் உறுப்பினர் தொகை முப்பதாயிரத்துக்கு மேற்பட்டதாகும். அவர்களுள் பெரும்பாலானோர் தன்னார்வலர்கள்.

போர்க்காலம்

இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில், குளிர்கால மலைப்போருக்கென ஐக்கிய அமெரிக்காவிடம் தனிப்படை இருக்கவில்லை. அத்தகைய படையின் தேவையை 1940 முதல் டோல் அரசிடம் வலியுறுத்தினார். முதல் மலைப்படைப் பிரிவு 1941 இல் அமைக்கப்பட்டபோது, அதற்குத் தகுதியானோரைத் தெரிவுசெய்யும் பொறுப்பு சுற்றுக்காவல் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. விண்ணப்பதாரர்கள் தம் திறமைக்குச் சான்றாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் அளிக்க வேண்டியிருந்தது. இப்படையே பின்னர் 10 ஆவது மலைப்படை எனப் பெயர்பெற்றது. 1945 பெப்ரவரியில் இத்தாலியின் ரீவா மலைமுகட்டை இப்படையினர் இரவில் ஏறிக் கைப்பற்றினர்.

போர் முடிந்து திரும்பிய இப்படைவீரர் பலர் பனிச்சறுக்குத் துறையில் ஈடுபட்டனர். கொலராடோ மாநிலத்தின் அரபாகோ பேசின், வேல் ஆகிய மையங்களின் நிறுவனர்களுள் இப்படையினரும் அடங்குவர். இதே படையில் பணியாற்றிய மான்ட்கோமரி அட்வாட்டர், யூட்டா மாநிலத்தின் ஆல்ட்டாவில் வனத்துறைப் பனிக்காவலராகப் பொறுப்பேற்று, வெடிபொருள் கொண்டு பனிச்சரிவைத் திட்டமிட்டுத் தூண்டிவிடும் முறையை 1940களின் பிற்பகுதியில் வளர்த்தெடுத்தார். ஐக்கிய அமெரிக்காவில் இன்றைய பனிச்சரிவுத் தணிப்புப் பணிக்கு அவருடைய ஆய்வுகள் அடித்தளமாயின.

நாளாந்தப் பணிகள்

தடம் திறப்பதற்கு முன்

சுற்றுக்காவலரின் பணியில் பெரும்பகுதி, விருந்தினர் எவரும் மலைமீது ஏறுமுன்னரே நடைபெறுகின்றது. விடியலில் முதல் கம்பிவட நாற்காலியில் ஏறும் காவலர்கள் ஒவ்வொரு தடத்திலும் சறுக்கிச் சென்று அதன் நிலையை ஆராய்வர். அவர்கள் கவனிப்பவை வருமாறு:

- இரவில் உருவான பனிக்கட்டித் திட்டுகள், வெளித்தெரியும் பாறைகள், மரக்கட்டைகள்
- ஓடை அல்லது நிலப்பிளவின் மேல் மெலிந்துபோன பனி
- செப்பனிடும் பொறிகள் விட்டுச்சென்ற விளிம்புகள், செயற்கைப் பனி வீசும் கருவிகளின் குழாய்கள்
- கம்பிவடத் தூண்களைச் சுற்றிக் கட்டப்பட்ட மெத்தை உறைகளின் உயரம். பனி உயர உயர இவற்றையும் உயர்த்திக் கட்ட வேண்டும்
- காற்றில் சாய்ந்த அறிவிப்புப் பலகைகள், பனியில் புதைந்த எல்லைக் கயிறுகள்

அகற்ற இயலாத இடர்கள் மூங்கில் கழிகளாலும் கயிற்றாலும் அடையாளமிடப்படுகின்றன. மூங்கில் எடை குறைந்தது. மோதினால் வளைந்து அல்லது பிளந்து விடும். இதனால் மோதுபவருக்கு நேரும் காயம் குறைவு. நிலைமை பொருந்தாத தடம் மூடியே வைக்கப்படுகின்றது. மேலிருந்து பார்ப்பவருக்கு நல்ல பனியாகத் தோன்றும் தடமும் மூடப்பட்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடரைக் காவலர் கண்டிருப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணமாகும்.

பகலில்

பகல் நேரத்தில் காவலர்கள் மலையுச்சியில் உள்ள குடில்களில் அழைப்புக்குக் காத்திருப்பர். முறை வைத்துத் தடங்களையும் சுற்றிவருவர். கூட்டம் மிகுந்த சந்திப்புகளில் வேகத்தைக் கட்டுப்படுத்துவர். கம்பிவட நாற்காலி பழுதுற்று நின்றால், வடத்தின்மேல் கயிற்றை எறிந்து, இருக்கைப் பட்டையின் உதவியால் பயணிகளை ஒவ்வொருவராகத் தரையில் இறக்குவதும் இவர்கள் பணியே ஆகும். இதற்கான ஒத்திகை பருவத் தொடக்கத்தில் நடத்தப்படுகின்றது.

காயமுற்றவரை மீட்டல்

விபத்தைக் காண்போர் முதலில் செய்ய வேண்டியது, மேலிருந்து வருவோர் மீண்டும் மோதாமல் தடுப்பதாகும். காயமுற்றவருக்குச் சில மீட்டர் மேலே, இரு பனிமட்டைகளைப் பெருக்கல் குறி வடிவில் பனியில் நட்டுவைப்பது உலகெங்கும் அறியப்பட்ட அடையாளமாகும். பின்னர் தடத்தின் பெயர், அருகிலுள்ள கம்பிவடத் தூணின் எண், காயத்தின் தன்மை, காயமுற்றவர் நினைவுடன் உள்ளாரா என்பது ஆகிய விவரங்களைச் சுற்றுக்காவலுக்குத் தெரிவிக்க வேண்டும். கம்பிவடத் தூண்களுக்கு எண் இடப்பட்டிருப்பதால் இடத்தைத் துல்லியமாகக் குறிப்பிட இயலும். பயிற்சியற்றோர் காயமுற்றவரின் காலணியையோ தலைக்கவசத்தையோ கழற்றுதல் கூடாது. விறைப்பான காலணி, முறிந்த காலுக்கு ஓரளவு தாங்குகட்டையாகவும் வெப்பக் காப்பாகவும் அமைகின்றது.

காவலர் வந்ததும் மூச்சு, இரத்தப்போக்கு, நினைவுநிலை ஆகியவற்றைச் சோதித்து, முறிந்த உறுப்பை அசையாவண்ணம் கட்டி, காயமுற்றவரைப் போர்வையால் மூடி மீட்புச் சறுக்குவண்டியில் கிடத்துவார். இவ்வண்டி படகு போன்ற அடிப்பாகத்தையும் முன்புறம் இரு நீண்ட கைப்பிடிகளையும் கொண்டது. கைப்பிடிகளுக்கிடையில் நிற்கும் காவலர், தம் பனிமட்டைகளின் விளிம்பைப் பனியில் பதித்து வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றார். கூடுதல் தடையாக வண்டியின் அடியில் சங்கிலி தொங்கவிடப்படும். செங்குத்தான இடங்களில் இரண்டாம் காவலர் வண்டியின் பின்னால் கயிற்றைப் பிடித்து வருவார். ஆளுடன் கூடிய வண்டியைப் பனிக்கட்டி மீதும் மேடுபள்ளங்கள் மீதும் குலுக்கலின்றிக் கொண்டுவருதல் நீண்ட பயிற்சியால் மட்டுமே கைகூடும்.

இறுதிச் சுற்று

மாலையில் கம்பிவடங்கள் நின்றபின், காவலர்கள் வரிசையாகப் பிரிந்து எல்லாத் தடங்களிலும் மேலிருந்து கீழாகச் சறுக்கி வருவர். இடையிடையே நின்று குரல் கொடுத்து மறுமொழி வருகிறதா எனக் கேட்பர். மரங்களுக்கிடையில் விழுந்து எழ இயலாத ஒருவர் இரவு முழுதும் மலையில் கைவிடப்படாமல் இருப்பதற்கு இச்சுற்றே கடைசி வாய்ப்பு. மூடிய தடத்துக்குள் சென்றவரை இச்சுற்று தவறவிடக்கூடும் என்பது, மூடிய தடங்களுக்குள் நுழையலாகாது என்னும் விதிக்குரிய காரணங்களுள் ஒன்றாகும்.

பனிச்சரிவுத் தணிப்பு

பனி அடுக்கடுக்காகப் படிகின்றது. வலுவற்ற ஓர் அடுக்கின் மேல் புதுப்பனியோ காற்று கொண்டுவந்த பனியோ திரளும்போது, மேலடுக்கு பலகை போல உடைந்து வழுக்கி இறங்கலாம். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வுகளில் நிகழ்கின்றன. இதைவிடச் சாய்வு குறைந்தால் பனி எளிதில் வழுக்குவதில்லை. மிகவும் செங்குத்தானால் பனி பெருமளவில் திரளுமுன்னரே சிறிது சிறிதாக உதிர்ந்துவிடுகின்றது. திறமைமிக்க சறுக்காளர்கள் பெரிதும் விரும்பும் சாய்வுகளும் இவையே என்பது குறிப்பிடத்தக்கது.

புயலுக்குப் பிந்திய காலைகளில், தடங்களைத் திறக்குமுன் காவலர்கள் பனிச்சரிவைத் தாமே தூண்டிவிடுகின்றனர். கையால் எறியும் வெடிபொருள், தொலைவிலிருந்து இயக்கப்படும் வளிம வெடிப்புக் கருவிகள், சில இடங்களில் பீரங்கி ஆகியன இதற்குப் பயன்படுகின்றன. சிறிய சாய்வுகளில், ஒருவர் பாதுகாப்பான இடத்தில் நின்று கவனிக்க, மற்றவர் குறுக்காகச் சறுக்கிப் பனியை வெட்டி விடுவதும் உண்டு. இப்பணி அபாயம் மிக்கது. 2025 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் மாமத் மலையில் தணிப்புப் பணியின்போது பனிச்சரிவில் சிக்கிய காவலர் ஒருவர் உயிரிழந்தார்.

பனியில் புதையுண்டவரின் உயிர், மீட்கப்படும் நேரத்தைப் பொறுத்தது. முதல் 10 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்படுவோருள் பத்தில் ஒன்பது பேர் அளவில் பிழைக்கின்றனர். அரை மணி நேரத்தில் இது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்குச் சரிகின்றது. மூச்சுத்திணறலே இறப்புக்கு முதன்மைக் காரணம். எனவே கட்டுப்பாடற்ற மலைப்பகுதிக்குச் செல்வோர் 457 கிலோஏர்ட்சு அலைவெண்ணில் இயங்கும் பனிச்சரிவு அலைக்கருவி, துழாவு கம்பி, பனிவாரி ஆகிய மூன்றையும் கொண்டுசெல்ல வேண்டும் என அறிவுறுத்தப்படுகின்றது. வெளியிலிருந்து உதவி வருமுன் இந்நேரம் பெரும்பாலும் கடந்துவிடுவதால், உடன் வந்தவரே முதல் மீட்பர் ஆகின்றார்.

1982 மார்ச்சு 31 அன்று கலிபோர்னியாவின் ஆல்பைன் மெடோசு மையத்தில் நிகழ்ந்த பனிச்சரிவு இத்துறையில் பெரிதும் ஆராயப்பட்ட நிகழ்வாகும். கடும்புயல் காரணமாக அன்று மையம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. எனினும் பனிச்சரிவு வண்டிகள் நிறுத்துமிடத்தையும் கட்டடங்களையும் தாக்கி ஏழு பேரைப் பலிகொண்டது. அவர்களுள் மலைப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த அலுவலரும் ஒருவர். இடிந்த கட்டடத்தினுள் சிக்கிய ஊழியர் ஒருவர், மீட்பு நாய் அவ்விடத்தை அடையாளம் காட்டியதன் பின்னர், ஐந்தாம் நாளில் உயிருடன் மீட்கப்பட்டார். வட அமெரிக்காவில் பனிச்சரிவில் புதைந்த ஒருவரை நாய் உயிருடன் கண்டறிந்த முதல் நிகழ்வாக இது கருதப்படுகின்றது. இன்று பல மையங்களில் பயிற்சி பெற்ற நாய்கள் சுற்றுக்காவலின் அங்கமாக உள்ளன.

சறுக்குத்தடக் குறியீடுகள்

தடங்களின் கடினத்தன்மை நிறங்களாலும் வடிவங்களாலும் குறிக்கப்படுகின்றது. நாட்டுக்கு நாடு இம்முறை வேறுபடும்.

வட அமெரிக்கா:

- பச்சை வட்டம்: எளியது
- நீலச் சதுரம்: இடைநிலை
- கறுப்பு வைரம்: கடினம்
- இரட்டைக் கறுப்பு வைரம்: மிகக் கடினம், வல்லுநர்க்கு மட்டும்

ஐரோப்பா:

- பச்சை: தொடக்கநிலை (எல்லா நாடுகளிலும் இல்லை)
- நீலம்: எளியது
- சிவப்பு: இடைநிலை
- கறுப்பு: கடினம்

ஆசுதிரியா, செருமனி ஆகிய நாடுகளில் நீலத்தடத்தின் சாய்வு பொதுவாக 25 விழுக்காட்டையும், சிவப்புத் தடத்தின் சாய்வு 40 விழுக்காட்டையும் மிகுதல் கூடாது. இங்கு விழுக்காடு என்பது கிடைத்தூரத்துக்கும் செங்குத்து உயரத்துக்கும் உள்ள விகிதமாகும். 100 விழுக்காடு என்பது 45 பாகையைக் குறிக்கும். 40 விழுக்காடு ஏறத்தாழ 22 பாகை ஆகும்.

வட அமெரிக்காவில் இக்குறியீடுகள் ஒரு மையத்தில் உள்ள தடங்களை ஒன்றுடனொன்று ஒப்பிட்டு வழங்கப்படுபவை. ஒரு சிறு குன்றில் கறுப்பு வைரம் பெற்ற தடம், பெருமலை ஒன்றில் நீலச் சதுரமாக இருக்கலாம். ஆகவே புதிய மையம் ஒன்றுக்குச் செல்வோர் தம் வழக்கமான நிலையைவிட ஒரு படி எளிய தடத்தில் தொடங்குதல் நன்று. மேலும், குறியீடு தடத்தின் வடிவத்தைக் குறிப்பதேயன்றி அன்றைய பனியின் நிலையைக் குறிப்பதில்லை. காலையில் மென்மையாக இருந்த நீலத்தடம், வெயிலில் உருகி மாலையில் மீண்டும் உறையும்போது கறுப்புத் தடத்தைவிடக் கடினமாகலாம்.

நடத்தை விதிகள்

பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967 இல் சறுக்காளருக்கான பத்து நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய நீதிமன்றங்கள் விபத்து வழக்குகளில் இவ்விதிகளை அளவுகோலாகக் கொள்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1960களிலிருந்து தனி நெறிமுறை ஒன்று வழங்கிவருகின்றது. ஏழு விதிகளைக் கொண்டிருந்த அது 2022 இல் பத்து விதிகளாக விரிவாக்கப்பட்டது. அந்நெறிமுறையின் சாரம் வருமாறு:

- எந்நேரமும் நிற்கவோ விலகவோ இயலும் வகையில் கட்டுப்பாட்டுடன் சறுக்குதல்
- முன்னால் அல்லது கீழே உள்ளவருக்கே வழியுரிமை
- மேலிருந்து வருவோர் காணக்கூடிய, தடத்தை மறிக்காத இடத்தில் மட்டும் நிற்றல்
- புறப்படுமுன்னும் வேறு தடத்தில் சேருமுன்னும் மேல்நோக்கிப் பார்த்தல்
- கழன்ற பனிமட்டை தானே ஓடிவிடாதவாறு தடுத்தல்
- அறிவிப்புகளுக்குக் கட்டுப்படுதல், மூடிய பகுதிகளுக்குள் நுழையாதிருத்தல்
- கம்பிவடங்களில் ஏறி இறங்கும் முறையை அறிந்திருத்தல்
- மது அல்லது போதைப்பொருளின் தாக்கத்தில் சறுக்காதிருத்தல்
- மோதல் நிகழ்ந்தால் தொடர்பு விவரங்களைப் பகிர்தல்

கீழே உள்ளவருக்கு வழியுரிமை என்பது இவற்றுள் தலையாயது. மேலிருந்து வருபவரால் கீழே உள்ளவரைக் காண முடியும். கீழே உள்ளவருக்கு முதுகுப்புறம் கண் இல்லை. கீழே உள்ளவர் எதிர்பாராத விதமாகத் திரும்பினாலும், அதற்கு இடம் விட்டுச் செல்வது மேலே உள்ளவரின் கடமையாகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கின்றார். இடரைக் கண்டு உடல் இயங்கத் தொடங்குவதற்குள் ஒரு பேருந்தின் நீளத்தை அவர் கடந்திருப்பார்.

மரக்குழிகள்

ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகள் அடிமரத்தைச் சுற்றிப் பனி இறுகுவதைத் தடுக்கின்றன. இதனால் உருவாகும் தளர்ந்த பனிப்பள்ளம் மரக்குழி எனப்படும். கிளைகள் மறைப்பதால் இது வெளியே தெரிவதில்லை. இதனுள் பெரும்பாலும் தலைகீழாகவே விழ நேர்கிறது. அசைய அசையப் பனி மேலும் சரிந்து மூடுவதால் பிறர் உதவியின்றி வெளியேறுதல் மிக அரிது. விபத்து ஓசையின்றி நிகழ்வதால் அருகில் உள்ளவரும் அறிவதில்லை. ஆழமான புதுப்பனி உள்ள நாட்களில் மரங்களுக்கிடையில் செல்வோர், இருவராகச் சென்று ஒருவரையொருவர் எப்போதும் பார்வையில் வைத்திருத்தல் வேண்டும். தடத்தின் முடிவில் சந்திக்கலாம் எனப் பிரிந்து செல்வது இங்குப் பாதுகாப்பு ஆகாது. சறுக்குக்கோலின் வார்ப்பட்டையை மணிக்கட்டில் மாட்டாதிருத்தலும், ஊதல் வைத்திருத்தலும் அறிவுறுத்தப்படுகின்றன.

பனிமட்டையைத் தேர்ந்தெடுத்தல்

பொருந்தாத பனிமட்டை, தவறாக அமைக்கப்பட்ட பிணைப்பி ஆகியன சறுக்காளரின் கட்டுப்பாட்டைக் குறைத்து விபத்துக்கு வழிவகுக்கின்றன. எனவே கருவித் தேர்வும் தடப்பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருதப்படுகின்றது.

வடிவ வளர்ச்சி

தொடக்ககாலப் பனிமட்டைகள் மரத்தாலானவை. ஆசுதிரியாவின் ருடால்ப் லெட்னர் 1920களில் எஃகு விளிம்பை அறிமுகப்படுத்தினார். இதனால் இறுகிய பனியிலும் பிடிப்புக் கிடைத்தது. வானூர்திப் பொறியியலாளரான ஓவர்டு எட், 1950 இல் உலோக அடுக்குகள் கொண்ட பனிமட்டையை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1990களின் தொடக்கத்தில் சுலோவீனியாவின் ஈலான் நிறுவனம், நுனியும் வாலும் அகன்று இடை ஒடுங்கிய பனிமட்டையை வெளியிட்டது. இதன்பின் இரண்டு மீட்டருக்கு மேல் நீண்ட நேர்மட்டைகள் விரைவில் வழக்கொழிந்தன.

கவனிக்க வேண்டிய பண்புகள்

- நீளம்: தரையில் நிறுத்தினால் தாடைக்கும் உச்சந்தலைக்கும் இடைப்பட்ட உயரம் பொதுவான அளவாகும். தொடக்கநிலையினருக்குத் தாடை அளவு எளிது. வேகமாகச் செல்வோருக்கும் ஆழப்பனியில் செல்வோருக்கும் நீண்டது பொருந்தும். உடல் எடையையும் கருத்திற்கொள்ள வேண்டும்.
- இடை அகலம்: செப்பனிட்ட, இறுகிய தடங்களுக்கு ஏறத்தாழ 80 மில்லிமீட்டருக்குக் குறைந்தது ஏற்றது. பலவகைப் பனிக்கும் 80 முதல் 100 வரை பயன்படும். அதற்கு மேற்பட்டவை ஆழமான தூள்பனியில் மிதப்பதற்கானவை. இறுகிய பனியில் விளிம்பு மாற்றத்துக்கு நேரம் பிடிப்பவை.
- திருப்ப ஆரம்: பக்கவாட்டு வளைவினால் அமையும் கற்பனை வட்டத்தின் ஆரமாகும். 12 அல்லது 13 மீட்டர் ஆரம் குறுகிய திருப்பங்களுக்கும், 18 மீட்டருக்கு மேற்பட்டது நீண்ட வேகத் திருப்பங்களுக்கும் உரியது.
- நீள்வாக்கு வளைவு: நடுப்பகுதி வில்போல் உயர்ந்த மட்டை, எடையை விளிம்பு முழுவதும் பரப்பிப் பிடிப்புத் தரும். நுனி முன்கூட்டியே மேலெழும் மட்டை தூள்பனியில் அமிழாது, திரும்புதலும் எளிது. இன்றைய மட்டைகள் பல இவ்விரண்டையும் இணைத்தவை.
- விறைப்பு: மென்மையான மட்டை பிழைகளைப் பொறுக்கும். விறைப்பானது வேகத்தில் அதிராது. ஆனால் வலுவும் நுட்பமும் வேண்டும்.

சுற்றுக்காவலர்கள் பெரும்பாலும் நடுத்தர அகலமும் உறுதியும் கொண்ட மட்டைகளைத் தெரிவு செய்கின்றனர். காலைப் பனிக்கட்டி, மதிய ஈரப்பனி, மரங்களுக்கிடையிலான ஆழப்பனி ஆகிய அனைத்தையும் ஒரே நாளில், எடை மிகுந்த சறுக்குவண்டியுடன் கடக்க வேண்டியிருப்பதே காரணம்.

பிணைப்பியும் காலணியும்

காலணியைப் பனிமட்டையுடன் இணைக்கும் கருவி பிணைப்பி எனப்படும். விழும்போது மட்டை நெம்புகோலாக மாறிக் காலை முறுக்குவதற்குமுன் இது விடுவிக்க வேண்டும். தானே விடுவிக்கும் பிணைப்பியை 1930களின் பிற்பகுதியில், நார்வேயில் பிறந்து ஓரிகனில் வாழ்ந்த யால்மர் வாம் உருவாக்கினார். தம் கால் முறிந்த அனுபவமே அவரை இதற்குத் தூண்டியது.

பிணைப்பி விடுவிக்கும் அளவு பன்னாட்டுச் சீர்தரத்தின்படி கணக்கிடப்படுகின்றது. எடை, உயரம், வயது, காலணி அடிப்பகுதியின் நீளம், சறுக்கும் பாங்கு ஆகிய ஐந்தும் இதற்கு வேண்டும். சறுக்கும் பாங்கு எச்சரிக்கையானது, மிதமானது, வேகமானது என மூவகைப்படும். 50 வயதை எட்டியோருக்கு அளவு குறைக்கப்படுகின்றது. வாடகைக் கடையில் எடையைக் குறைத்துக் கூறினால் வேண்டாத வேளையில் மட்டை கழன்றுவிடலாம். திறமையை மிகைப்படுத்திக் கூறினால் விழும்போது கழலாமல் கால் முறியலாம். எனவே படிவத்தை உண்மையாக நிரப்புதல் இன்றியமையாதது.

இன்றைய பிணைப்பிகள் கீழ்க்கால் எலும்பு முறிவைப் பெருமளவு குறைத்துள்ளன. ஆனால் முழங்கால் தசைநார்க் கிழிவை அந்த அளவுக்கு அவை தடுப்பதில்லை. காலணியின் அடிப்பாகம் பலவகைச் சீர்தரங்களில் வருவதால், பிணைப்பி அவ்வகைக்கு உரியதா என்பதைப் பயிற்சி பெற்ற பணியாளரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

தலைக்கவசம்

தலைக்கவசம் தலைக்காயங்களைக் குறைக்கின்றது. எனினும் அதன் எல்லையை அறிந்திருத்தல் நன்று. ஐரோப்பியச் சீர்தரத்தின் மோதல் சோதனையில் கவசம் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்யப்படுகின்றது. தரையில் மோதும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆகும். நடுத்தரச் சறுக்காளர் வழக்கமாகச் செல்லும் வேகம் இதனினும் மிகுதி. ஆகவே மரத்தில் நேரடியாக மோதுவதிலிருந்து கவசம் முழுக்காப்பு அளிக்கும் எனக் கொள்ளலாகாது. வேகக் கட்டுப்பாட்டுக்கு அது மாற்று அன்று.

பயிற்சியும் ஊதியமும்

ஐக்கிய அமெரிக்காவில் காவலராக விரும்புவோர், 1980களில் உருவாக்கப்பட்ட வெளிக்கள அவசரச் சிகிச்சைப் பயிற்சியை முடிக்க வேண்டும். ஆண்டுதோறும் மீள்பயிற்சியும் உண்டு. இதனுடன் சறுக்குவண்டி இயக்கம், கம்பிவட மீட்பு ஆகியவற்றிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். சிறு குன்றுகளில் தன்னார்வலர்களும், மேற்கு மாநிலங்களின் பெருமலைகளில் ஊதியம் பெறுவோரும் மிகுதி.

மலையோர ஊர்களில் வாழ்க்கைச் செலவு உயர்ந்ததால் ஊதியம் அண்மைக்காலத்தில் விவாதப்பொருளாகியுள்ளது. 2024 திசம்பர் 27 அன்று யூட்டாவின் பார்க் சிட்டி மையத்தில் ஏறத்தாழ 200 காவலர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். விடுமுறைக் காலத்தில் போதிய காவலர் இன்மையால் பெரும்பகுதித் தடங்கள் திறக்கப்படவில்லை. 2025 சனவரி 8 அன்று ஊதிய உயர்வு உடன்பாட்டுடன் இது முடிவுற்றது. பனியும் கம்பிவடமும் இருந்தும் காவலர் இன்றித் தடம் திறக்க இயலாது என்பதை இந்நிகழ்வு பொதுமக்களுக்கு உணர்த்தியது.

பிற நாடுகளில்

கனடாவில் 1940 இல் டொராண்டோவில் தொடங்கிய முதலுதவிக் குழு பின்னர் நாடளாவிய தன்னார்வ அமைப்பாக வளர்ந்தது. பிரான்சில் தடமீட்பாளர்கள் அரசுச் சான்றிதழ் பெற்ற ஊதியப் பணியாளர்கள். அங்கு மீட்புச் செலவைக் காயமுற்றவரிடம் உள்ளூராட்சி வசூலிக்கச் சட்டம் இடமளிப்பதால், சறுக்காளர்கள் காப்புறுதி எடுத்துக்கொள்வது வழக்கம். ஐக்கிய அமெரிக்க மையங்களில் மலையடிவாரம் வரையிலான மீட்புக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. மருத்துவ ஊர்திக்கும் மருத்துவமனைக்கும் உரிய செலவு தனி.

இந்தியாவில் காசுமீரின் குல்மார்க், உத்தராகண்டத்தின் ஔலி ஆகியன அறியப்பட்ட பனிச்சறுக்கு மையங்கள். குல்மார்க்கின் கம்பிவட ஊர்தி இரண்டாம் கட்டமாக 2005 இல் அபர்வத் மலைக்கு நீட்டிக்கப்பட்டதால், 3,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தைச் சறுக்காளர்கள் எளிதில் அடைகின்றனர். அங்கும் சுற்றுக்காவல் குழு இயங்கி, ஊர்திக்கு அண்மையிலுள்ள பகுதியில் பனிச்சரிவுத் தணிப்பை மேற்கொள்கின்றது. அப்பகுதிக்கு வெளியே உள்ள பரந்த சாய்வுகள் கட்டுப்பாடற்றவை. 2024 பெப்ரவரியில் அங்கு ஏற்பட்ட பனிச்சரிவில் உருசிய நாட்டுச் சறுக்காளர் ஒருவர் உயிரிழந்தார். எல்லைக் கயிற்றுக்கு அப்பால் உள்ள பனி தோற்றத்தில் வேறுபடுவதில்லை. காலையில் அதனைச் சோதித்தவர் எவரும் இல்லை என்பதே வேறுபாடு.

இவற்றையும் பார்க்க

- பனிச்சறுக்கு
- பனிப்பலகைச் சறுக்கு
- பனிச்சரிவு
- முதலுதவி
- உடல் வெப்பக்குறைவு